தரிசல்ல, தாயகம்!

1963-ல் மயில் தேசியப் பறவையாக அறிவிக்கப்படுவதற்கு முன்பு, அந்தத் தகுதிக்குப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி பரிந்துரைத்தது கானமயிலை. இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத பறவை அது. 1969-ல் சுமார் 1,260 என மதிப்பிடப்பட்ட அதன் எண்ணிக்கை, இன்று ஏறத்தாழ 150 ஆகச் சுருங்கிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில்தான் எஞ்சியிருக்கின்றன.

வேட்டை தடை செய்யப்பட்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் ஏன் இந்த அவலம்? 15 கிலோ வரை எடையுள்ள இப்பறவைக்கு நேர் எதிரே இருப்பதைக் காணும் திறன் குறைவு. மின்கம்பியை அது காணும்போது விலகிப் பறக்க அவகாசம் இருப்பதில்லை. பொதுவாக ஒரு பருவத்தில் ஒரு முட்டை மட்டுமே இடுவதால், ஒவ்வோர் இறப்பும் ஈடுசெய்ய இயலாத இழப்பாகிறது.

தார் பாலைவனத்தில் சூரிய மின்சாரமோ காற்றாலையோ கூடாது என்பதல்ல நமது வாதம். நிலக்கரிப் பயன்பாட்டைக் குறைக்க அவை தேவை. மின்தடங்களைப் பூமிக்கடியில் கொண்டு செல்லுமாறு 2021 ஏப்ரலில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், நடைமுறைச் சிக்கல்களை மத்திய அரசு முன்வைத்ததை அடுத்து, 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் திருத்தி வல்லுநர் குழுவை அமைத்தது. குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2025 டிசம்பரில் தீர்ப்பும் வந்துவிட்டது. இனி சாக்குப்போக்குகளுக்கு இடமில்லை.

ஜெய்சல்மேரில் 2019-ல் தொடங்கிய இனப்பெருக்கத் திட்டம் நம்பிக்கை அளிக்கிறது. செயற்கைக் கருவூட்டல் மூலம் 2024 அக்டோபரில் அங்கு ஒரு குஞ்சு பிறந்தது. ஆனால், கூண்டில் வளரும் குஞ்சுகளைத் திறந்துவிட வெளியே புல்வெளி இருக்க வேண்டாமா?

கோளாறு நமது பார்வையில் இருக்கிறது. மரங்கள் இல்லாத நிலமெல்லாம் தரிசு என்று அரசு ஆவணங்கள் முத்திரை குத்திவிடுகின்றன. காட்டை அழித்தால் எழும் எதிர்ப்பு, புல்வெளியை அழித்தால் எழுவதில்லை. அதே புல்வெளியை நம்பித்தான் ஆடு, மாடு, ஒட்டகம் மேய்ப்போரும் வாழ்கிறார்கள் என்பதும் மறந்துபோகிறது.

நீதிமன்றம் வரையறுத்த பகுதிகளில் மின்தடப் பணிகளைக் காலக்கெடுவுக்குள் முடிப்பது உடனடிக் கடமை. புல்வெளிகளைத் 'தரிசு' பட்டியலிலிருந்து நீக்கி, அவற்றுக்கெனத் தனிக் கொள்கை வகுப்பது நிரந்தரத் தீர்வு. வேறெங்கும் இல்லாத ஒரு பறவையை நாம் இழந்தால், உலகமே இழந்ததாகிவிடும். திரும்பப் பெற வேறு நாடு இல்லை!