வாக்கப்பட்ட ஊரில் வெளியாள்

அன்னூரில் உறவினர் வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பெரியவர் ஒருவர் தம் ஆற்றாமையைச் சொன்னார். கோவையில் பொறியியல் படித்த மகள் மணமாகி அமெரிக்கா போய் மூன்றாண்டுகள் ஆகின்றன. மாப்பிள்ளைக்கு எச்-1பி விசா. அவளுக்கு அவரைச் சார்ந்த எச்-4. வேலைக்குப் போக அனுமதியில்லை, படிக்கலாம். சரி, படிப்போம் என்று அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தை அணுகினால் வெளியாருக்கான கட்டணத்தைக் கட்டச் சொல்கிறார்களாம். "குடியிருக்கறது அங்கீங்க, மாப்பிள்ளை வரி கட்டறதும் அங்கீங்க. அப்புறம் எப்படீங்க எம்புள்ள வெளியாளு?"

கேள்வி நியாயமானது. அதை முதலில் அவர் பக்கம் நின்றே கேட்போம்.

அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்கள் உள்மாநிலத்தாருக்குக் குறைந்த கட்டணம் வாங்குவதற்குச் சொல்லும் காரணம் வரி. எச்-1பி குடும்பமும் அந்த வரியைக் கட்டத்தான் செய்கிறது. ஆனால் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் எச்-4 உடையவர் குடியிருப்பாளராகத் தகுதி பெறலாம். அங்கும் அதை அவள்தான் நிரூபிக்க வேண்டும். வீட்டு ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டு என்று கேட்கப்படுபவை பெரும்பாலும் கணவன் பெயரிலேயே இருக்கின்றன. சம்பாதிக்கக்கூடாது என்று ஒரு சட்டம் சொல்கிறது; சம்பாதிப்பவர் காட்டக்கூடிய காகிதத்தைக் கொண்டுவா என்கிறது இன்னொரு விதி.

அவள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். ஆனால் எஃப்-1 மாணவர் தாய்நாட்டுக் குடியிருப்பைக் கைவிடாதவர் என்பது சட்டத்தின் நிபந்தனை. ஆகவே பெரும்பாலான மாநிலங்களில் அவள் மறுபடியும் வெளியாள்தான். சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால் ஊதியத்தை மறக்க வேண்டும். ஊதியம் வேண்டுமென்றால் சலுகையை மறக்க வேண்டும். 2015இல் எச்-4 மனைவியரில் ஒரு பகுதியினருக்கு, கணவரின் கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால், வேலை அனுமதி கிடைத்தது. மற்றவர்களுக்கு இன்றும் இல்லை.

இதே அமெரிக்காவில், கலிபோர்னியாவிலிருந்து மணமுடித்துக் கனெக்டிகட் வந்த ஒரு பெண்ணை, விண்ணப்பித்தபோது முகவரி வெளியே இருந்தது என்ற ஒரே காரணத்தால், படிப்பு முடியும்வரை வெளியாள் என்று வைத்திருந்தது அம்மாநிலச் சட்டம். 1973இல், விலாண்டிஸ் எதிர் கிளைன் வழக்கில், உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. தான் இப்போது உள்ளூராள் என்று நிரூபிக்கும் வாய்ப்பையே ஒருவருக்கு மறுக்கக்கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். 1982இல், டோல் எதிர் மொரேனோ வழக்கில், சர்வதேச நிறுவன ஊழியர்களின் பிள்ளைகளான ஜி-4 விசாக்காரர்களுக்கு மேரிலாந்துப் பல்கலைக்கழகம் உள்மாநிலக் கட்டணத்தை மறுத்ததும் செல்லாது என்றானது. எனவே பெரியவரின் கோபத்துக்குச் சட்ட வரலாற்றிலும் துணை உண்டு.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே எங்கள் இலைகளை எடுத்துக்கொண்டிருந்த பெண் யார்? ஒடியா பேசினாள். கணவன் பக்கத்து நூற்பாலையில் வேலை பார்க்கிறான். அன்னூரையும் அவிநாசியையும் சுற்றியுள்ள ஆலைகள் இன்று ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களின் உழைப்பை நம்பி ஓடுகின்றன என்பதை இங்கே யாரும் மறுக்கமாட்டார்கள். அவள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு வாக்கப்பட்டு இங்கே வந்தவள் என்று வைத்துக்கொள்வோம். படிக்க விரும்பினால் நாம் என்ன சொல்வோம்?

தமிழகப் பொறியியல் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்தவரிடம் பிறப்பிடச் சான்று கேட்பதில்லை. தொழிலாளியின் குழந்தைக்கு அந்தக் கதவு திறக்கும். அது நல்ல விதி. மனைவியோ எட்டாம் வகுப்பை இனி எங்கே போய்ப் படிப்பாள்? அவள் பட்டியல் சாதியினராக இருந்தால் அந்தத் தகுதியும் எல்லையோடு நின்றுவிடும். இடம்பெயர்ந்தவருக்குப் புதிய மாநிலத்தில் அது செல்லாது என்று 1990இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

"நம் வரிப்பணம், நம் கல்லூரி" என்பார்கள். அந்த வாதத்தை நான் இகழவில்லை. 1955இல், மத்திய பாரதத்தார் அல்லாதவர்களிடம் மட்டும் இந்தூர் மருத்துவக் கல்லூரி வசூலித்த தலைவரியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம அய்யர், இசை ரசிகர்களுக்கு அவரைச் சங்கீத கலாநிதியாகத் தெரியும். அரசியல் சட்டம் தடுப்பது பிறந்த இடத்தை வைத்துப் பாகுபடுத்துவதை. குடியிருக்கும் இடம் வேறு என்றது அத்தீர்ப்பு. மருத்துவ முதுகலையில் குடியிருப்பு ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னபோதும், இளநிலையில் அதற்கு ஓரளவு இடமுண்டு என்ற நிலை தொடர்கிறது. மாநிலம் தன் மக்களுக்கு முன்னுரிமை தரட்டும். தன் மக்கள் யார் என்பதே கேள்வி. அளவுகோல் குடியிருப்பு என்றால், குடியிருப்பவளை எப்படி விலக்குவது?

வரி என்றே பேசினாலும் கணக்கு அவள் பக்கம்தான். ஜிஎஸ்டி நுகரும் மாநிலத்துக்குப் போகும் வரி. அன்னூர்ச் சந்தைக் கடையில் அவள் வாங்கும் சோப்பின் மாநிலப் பங்கு சென்னைக் கருவூலத்துக்கே சேர்கிறது, புவனேஸ்வரத்துக்கு அல்ல.

நான் கேட்பது பெரிதல்ல. திருமணத்தால் ஓர் ஊருக்கு வந்து, குறிப்பிட்ட காலம் தொடர்ந்து வாழ்ந்தவரை அந்த ஊராராகக் கொள்ள வேண்டும். அதற்கான சான்று அவர் பெயரிலேயே, அவர் வாழ்ந்த காலத்தை வைத்தே தரப்பட வேண்டும். பிறந்த ஊரும் படித்த பள்ளியும் கணவனின் சம்பளச் சீட்டும் அதற்குத் தடையாகக் கூடாது. டெக்சாஸுக்கு ஒரு நியாயம், அன்னூருக்கு இன்னொரு நியாயம் என்று இருக்க முடியாது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அது வேறீங்க" என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபடி மொய் எழுதும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, பதில் சொல்லவில்லை. அவர் மகளுக்குப் பதில் சொல்லும் பல்கலைக்கழக எழுத்தரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.