திரும்பி வரத் தெரிந்தவரே பயணி



பொருள் தேடி வளைகுடா சென்ற நம் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை ஊர் வந்து திரும்பிய காலம் ஒன்றிருந்தது. இன்று மனைவி மக்களை உடன் வைத்து வாழ்வோர் பலர். பெற்றோரையும் மாமன் மாமியரையும் விசிட் விசாவில் வரவழைத்துச் சில வாரங்கள் வைத்திருந்து அனுப்புகின்றனர். வந்தவர்களுக்குக் கடைவீதியையும் கடற்கரையையும் காட்டி முடித்தபின், "மலைக்குப் போய்க் கூடாரமடித்து ஓரிரவு தங்கலாமா?" என்ற பேச்சு எழுவது இயல்பே. அத்தகைய பயணத்திற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதை இம்மாதம் பேசுவோம். நான் செய்த ஒரு தவற்றையும் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

ஓமான் நாட்டின் வடபகுதியில் கடலுக்கு இணையாக நீண்டு கிடப்பது ஹஜர் மலைத்தொடர். அதன் உயர்ந்த சிகரமான ஜபல் ஷம்ஸ் ஏறத்தாழ 3000 மீட்டர் உயரம் கொண்டது. நமது தொட்டபெட்டாவைவிட உயரம். ஆனால் நீலகிரியின் பசுமையை அங்கே தேடாதீர்கள். எங்கு நோக்கினும் பாறை. பாறை வெடிப்புகளில் ஆங்காங்கே சில மரங்கள். அவற்றை மேயும் ஆடுகள். மலையின் ஒருபுறம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்திற்குப் பிளந்து கிடக்கும் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது, படைத்தவனின் வல்லமையை எண்ணி நா அடங்கிப் போகும்.

2023 ஜனவரியில் மஸ்கட்டில் பணிபுரியும் என் தங்கை மகன் எங்களை அங்கு அழைத்துச் சென்றான். இரண்டு வண்டிகள்; பெரியவர் அறுவர், பிள்ளைகள் மூவர். எஞ்சின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் 'ஃபோர் வீல் டிரைவ்' வண்டிகள் அவை. இது ஆடம்பரத்திற்காக அன்று. ஜபல் அக்தர் மலைச்சாலை நன்கு போடப்பட்ட தார்ச்சாலையே; ஆயினும் அடிவாரத்துக் காவல் சாவடியில் இவ்வகை வண்டிகளைத் தவிர மற்றவற்றை மேலே விடுவதில்லை. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு இறங்க வேண்டும். இதனை அறியாதவர் கையில் எத்தகைய வண்டியும் பயனற்றதே.

புறப்படுவதற்கு முந்திய இரவு மருமகன் ஒரு தாளும் பேனாவுமாக அமர்ந்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் குடிநீர்; அதற்குமேல் ஒரு நாளைக்குரிய உபரி. வண்டி ஒவ்வொன்றிலும் காற்றுச் சரிபார்த்த ஸ்டெப்னி, ஜாக்கி, மண்ணில் ஜாக்கி புதையாதிருக்க ஒரு பலகை, காற்றடிக்கும் கருவி, இழுவைக் கயிறு, மண்வெட்டி. கூர்மையான கற்கள் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை. ஆதலால் ஸ்டெப்னி இல்லாத மலைப்பயணம் வேண்டாம். மெதுவாக ஊர்ந்து ஏறுகையில் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும் என்பதால், அடிவாரத்து ஊரில் டாங்கியை நிரப்பிய பின்னரே ஏற வேண்டும். பள்ளத்தாக்குகளில் கைப்பேசி வேலை செய்யாது. வழிப்படத்தை முன்னரே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வழியாகச் செல்கிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதை ஊரில் இருக்கும் நண்பரிடம் எழுதிக் கொடுத்துச் செல்ல வேண்டும். குறித்த நேரத்தில் தகவல் வராவிட்டால் அவர் 9999 என்ற காவல்துறை எண்ணுக்குச் சொல்வார். வாடகை வண்டியாயின், தார்ச்சாலைக்கு அப்பால் ஏற்படும் சேதத்திற்குக் காப்பீடு உண்டா என்று கேட்டறிவதும் கடமை.

தாளின் கடைசியில் அவன் மூன்று வரிகள் எழுதினான். "மலைமேல் கருமேகம் தென்பட்டால் திரும்புவோம். இரண்டு வண்டிகளில் ஒன்று பழுதானால் திரும்புவோம். பிற்பகல் இரண்டு மணிக்குள் முகட்டைத் தாண்டாவிட்டால் திரும்புவோம்." எல்லாரிடமும் வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்டான். நானும் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பைத்தான் மறுநாள் மறந்தேன்.

முதல் இரவு ஜபல் ஷம்ஸின் மேட்டுச் சமவெளியில் தங்கினோம். பள்ளத்தாக்கின் விளிம்பில் பெரும்பகுதி தடுப்பற்றது. ஆகவே கூடாரங்களை அதிலிருந்து வெகுதூரம் தள்ளி அடித்தோம். பெரியவர் கை பற்றாமல் எந்தப் பிள்ளையும் அப்பக்கம் போகலாகாது என்று கட்டளையிட்டோம். சோறு வேக நெடுநேரம் ஆயிற்று. "அரிசியில்தான் குறை" என்றார் என் மனைவி. குறை அரிசியில் இல்லை. 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கரைக் கொண்டுவந்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை. குளிரோ எலும்பைத் தொட்டது. குளிர்காலத்து இரவுகளில் அங்கே நீர் உறையும் அளவுக்கும் இறங்குவதுண்டு. சுபுஹுக்கு எழுந்து ஒளுச் செய்தபோது விரல்கள் மரத்துப் போயின. இங்கே ஓர் எச்சரிக்கை: குளிருக்கு அஞ்சிக் கரி அடுப்பைக் கூடாரத்திற்குள் எடுத்துச் செல்லாதீர்கள். அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; உறங்குவோர் உறக்கத்திலேயே மடிவர். காலையில் காலணியை உதறிவிட்டு அணியுங்கள், தேள் புகுந்திருக்கக்கூடும்.

மறுநாள் திட்டம் பெரிது. அல் ஹம்ராவுக்கு இறங்கி, அங்கிருந்து ஷரஃப் அல் அலமைன் என்ற முகட்டிற்கு ஏறி, மறுபுறம் கரடுமுரடான மண்பாதையில் இறங்கி, மலைமடியில் ஒட்டியிருக்கும் பிலாத் சைத் கிராமத்தைப் பார்த்து, வாதி பனீ அவ்ஃப் வழியாக ருஸ்தாக் பக்கம் வெளிவந்து மஸ்கட் சேர்வது. வாதி என்பது மழையின்போது மட்டும் நீரோடும் ஆற்றுப் படுகை. இடுங்கிய மலைச்சுவர்களுக்கு நடுவே பாதையும் படுகையும் ஒன்றாகவே செல்லும் இடங்கள் அவ்வழியில் உண்டு.

முகட்டை அடைந்தபோது மணி பதினொன்று. எங்கள் தலைக்குமேல் நல்ல வெயில். கிழக்கே தொலைவில் மலைத்தலைகளின் மேல் மட்டும் மேகம் கறுத்திருந்தது. மருமகன் வண்டியை நிறுத்தி, இறங்கி, நெடுநேரம் அதனையே பார்த்தான். பின்பு, "மாமா, திரும்பிவிடுவோம்" என்றான்.

பிள்ளைகள் முகம் வாடின. நான் சும்மா இருந்திருக்கலாம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டா? இங்கே ஒரு சொட்டு மழை இல்லையே! இன்னொரு முறை நான் எப்போது வரப்போகிறேன்?" என்றேன். அவ்வேளையில் ஒரு வண்டியில் வந்த இளைஞர் சிலர் எங்களைக் கடந்து சிரித்தபடி கீழே இறங்கிச் சென்றனர். "அவர்கள் போகவில்லையா?" என்று அதையும் எடுத்துக்காட்டினேன்.

அவன் குரல் உயரவில்லை. "மாமா, நாம் நிற்கும் இடத்தில் வெயிலா மழையா என்பது கணக்கில்லை. மேலே பெய்வது கீழே ஓடிவரும். இந்தப் பாறை நீரை உறிஞ்சாது. இடுக்குக்குள் இருக்கும்போது தண்ணீர் வந்தால் வண்டியைத் திருப்பவும் இடமில்லை" என்றான். வண்டி திரும்பியது. வழியெல்லாம் நான் அவனோடு பேசவில்லை.

அன்று மாலை மிஸ்ஃபாத் அல் அப்ரியீன் என்ற மலைக்கிராமத்தில் இறங்கினோம். பேரீச்சை மரங்களினூடே கால்வாயில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. 'ஃபலஜ்' எனப்படும் இக்கால்வாய்களில் நீரை இயக்குவது பூமியின் ஈர்ப்பு ஒன்றே, இயந்திரமில்லை. ஓமானில் இன்றும் ஏறத்தாழ 3000 ஃபலஜ்கள் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் ஐந்தினை 2006ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. முதலில் குடிநீர், பின்னர் பள்ளிவாசல், குளிக்குமிடம், கடைசியில் வயல் என்று முறை வகுத்து அந்நீரைப் பகிர்ந்துகொள்வது அம்மக்களின் வழக்கம். விருந்தாளியாகச் செல்லும் நாம் அதில் காலை நனைப்பதும் கையைக் கழுவுவதும் தகாது. கண்ணியமான உடை, தாழ்ந்த குரல், பெண்களைப் படமெடுக்காமை ஆகியவற்றையும் பேண வேண்டும். ஊரை ஒட்டிக் கூடாரம் அடிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

வாசகர்களே, அன்று வெள்ளம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. முன்னே சென்ற இளைஞர்கள் பத்திரமாகவே ஊர் சேர்ந்தனர் என்று மறுநாள் தெரிந்தது. "வீணாகத் திருப்பினாயே" என்று நான் மருமகனைக் கேலியும் செய்தேன். அவன் சிரித்துக்கொண்டான்.

2024 ஏப்ரல் மாதம் அதே நாட்டில், சமத் அஷ்ஷான் பகுதியில், பள்ளி மாணவர் சென்ற வண்டி வாதி வெள்ளத்தில் சிக்கிப் பிள்ளைகள் பலர் இறந்த செய்தியைப் படித்தேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, எங்கள் வண்டியின் பின்னிருக்கையில் வாடிய முகங்களுடன் அமர்ந்திருந்த மூன்று பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். அன்றிரவே தொலைபேசியில் மருமகனை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "என்ன மாமா இதெல்லாம்?" என்று அவன் வெட்கப்பட்டான்.

ஒரு முடிவு நல்லதா என்பதற்கு அதன் விளைவு சாட்சியாகாது. வெள்ளம் வராத நாளிலும் அவன் திருப்பியது சரியே. இறங்கிச் சென்றவர்கள் தப்பியதால் அவர்கள் செய்தது சரியாகிவிடவில்லை. ஓடும் நீர் ஓரடி ஆழமிருந்தாலே சிறிய காரைப் புரட்டும். இரண்டடி இருந்தால் பெரிய வண்டிகளையும் பெரும்பாலும் இழுத்துச் செல்லும். நான்கு சக்கரமும் சுழல்வதால் மிதக்கும் வண்டிக்குப் பயனேதுமில்லை. ஓமானில் ஓடும் வாதிக்குள் வேண்டுமென்றே வண்டியை இறக்குவது தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

ஆகவே, பயணம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை பருவம் இனிது. அவ்வக்காலத்தில் சாலைகள் மாறிவருவதால் வழியை விசாரித்துச் செல்லுங்கள். ஆனால் எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில், மனம் அமைதியாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். முகட்டில் நிற்கும்போது ஆசை பேசும், வீம்பு பேசும், என்போன்ற பெரியவர்களும் பேசுவர். அப்போது அந்தத் தாள் உங்களுக்குத் துணை நிற்கும். வயதில் மூத்தோருக்கு ஒரு வேண்டுகோள்: வண்டியோட்டும் பிள்ளை "திரும்புவோம்" என்று சொன்னால், "நல்லது" என்று முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள். அவன் சுமந்திருப்பது நம் குடும்பத்தின் உயிர்கள் அல்லவா?

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.