தோண்டும் முன் தேடுங்கள்

ஒழுங்கின்றித் தோண்டுவதால் நாட்டில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கேபிள் துண்டிப்புகள் நேர்வதாகவும், இழப்பு சுமார் 3,000 கோடி ரூபாய் என்றும் 2023-இல் மத்திய அரசே கூறியது. அந்த ஆண்டு மார்ச்சில் ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலியும் வந்தது. தோண்டுபவர் முன்கூட்டியே தெரிவித்தால், அங்கே கேபிளோ குழாயோ பதித்தவர்களுக்குத் தகவல் போகும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய வரைபடத்தின் கோடும் மண்ணுக்குள் கிடக்கும் கேபிளும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. அங்கேதான் மின்னணுக் கருவி வேண்டும். அதன் ஒரு பகுதி உலோகக் குழாயிலோ கேபிளிலோ சமிக்ஞையைச் செலுத்தும். தரைமேல் நடப்பவரின் கையிலுள்ள மற்றொன்று அந்த மின்காந்தப் புலத்தைப் பிடித்து, தடத்தையும் ஏறத்தாழ ஆழத்தையும் காட்டும். பிளாஸ்டிக் குழாய் இதில் சிக்காது. அதைக் கண்டறிய, பதிக்கும்போதே கூடவே ஒரு செம்புக் கம்பியை ஓடவிட்டிருக்க வேண்டும். கருவி காட்டிய இடத்திலும் ஜேசிபியை இறக்காமல், ஆள் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் தோண்ட வேண்டும்.

மின்சாரம் ஓடும் கேபிளில் கடப்பாரை பட்டால் போவது தொழிலாளியின் உயிர். கருவியால் ஆய்வு செய்த அறிக்கை இல்லாமல் சாலையை வெட்ட உள்ளாட்சிகள் அனுமதி தரக் கூடாது. அந்த ஆய்வுக்கான செலவை ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்க்க வேண்டும். புதிய பிளாஸ்டிக் குழாய்களுடன் கம்பியையும் கட்டாயமாக்க வேண்டும்.