பிரியாணி சேலஞ்ச்



கேரளத்தில் திருப்பூணித்துறைப் பக்கம் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களைத் திகைக்க வைக்கும் சொல் ஒன்று உண்டு: 'சேலஞ்ச்'. "ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சேலஞ்ச், உங்கள் வீட்டுக்கு எத்தனை?" என்று பக்கத்துத் தெரு இளைஞர்கள் வந்து கேட்பார்கள். போட்டி, பந்தயம் ஒன்றும் கிடையாது. யாருக்கோ அறுவைச் சிகிச்சை, அதற்குப் பிரியாணி விற்றுப் பணம் சேர்க்கிறார்கள். அரிசியும் கோழியும் பெரும்பாலும் யாராவது கொடுத்துவிடுவார்கள். இரவெல்லாம் வெங்காயம் உரிப்பதும், பொட்டலம் கட்டுவதும், வீடு வீடாகக் கொண்டுபோவதும் கூலி இல்லாத வேலை. பணமில்லாதவர் கையுழைப்பைக் கொடுக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, நோயாளியின் வீட்டார் வாசல் வாசலாகப் போய் நிற்க வேண்டியதில்லை என்பது.

2018 வெள்ளத்துக்குப் பின் கேரள அரசே இந்தச் சொல்லைப் பயன்படுத்தியது. 'சாலரி சேலஞ்ச்' என்று ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டார்கள். தர இயலாதவர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. நல்ல முடிவு. 'இல்லை' என்பவரிடம் கையெழுத்து வாங்கினால், கொடை தண்டலாகிவிடும்.

இப்படி ஊர்கூடிச் சேர்ப்பதற்குக் கேரளத்தில் ஒரு மூத்த வழி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சாவறை குரியாக்கோஸ் அடிகளார், உலையில் போடும் அரிசியில் தினம் ஒரு பிடியை எடுத்துவைக்கும்படி தாய்மார்களைக் கேட்டார். அந்தப் பிடியரிசியில் ஏழைப் பிள்ளைகள் பள்ளியில் மதியம் சாப்பிட்டார்கள். நம் ஊர்களிலும் அதே பெயரில் அந்த வழக்கம் இருந்ததே!

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மண் சரிந்தது. அதன் பிறகு, அங்குள்ளவர்களுக்கு உதவத் திண்டுக்கல்லில் ஓர் உணவகத்தில் மொய் விருந்து நடந்தது. பேராவூரணிப் பக்கத்து மொய் நோட்டில் ஏறும், திருப்பிச் செய்தாக வேண்டும். இங்கே வந்தவர்கள் சாப்பிட்டு, மனதுக்குத் தோன்றியதை வைத்துவிட்டுப் போனார்கள். அதே நாட்களில் கேரளத்திலும் வயநாட்டுக்காக ஊர் ஊராகப் பிரியாணி சேலஞ்ச்.

இளைஞர்கள் உங்கள் வாசலுக்கு வந்தால் தயங்காமல் பேர் கொடுங்கள். சிகிச்சை யாருக்கு, கணக்கு யாரிடம் என்றும் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. உங்கள் ஊரில் இப்படிச் சேர்ப்பதற்கு என்ன பெயர், எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். வரும் இதழில் கடிதங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்