வேலைக் கடிதம் வந்துவிட்டது, வேலை எங்கே?

பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வருகிறது என்றால் எத்தனை வீடுகள் அன்று மூச்சைப் பிடித்துக் கொண்டு காத்திருக்கின்றன என்பதைத் தோழர்கள் அறிவார்கள். மில் தொழிலாளியின் மகனும் பஸ் கண்டக்டரின் மகளும் கடன் வாங்கிப் படித்த படிப்புக்கு அன்றுதான் பலன் தெரியப் போகிறது.

பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்று பல கம்பெனிகள் வாசலிலேயே கயிறு கட்டி வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் கணக்கு, தர்க்கம், இங்கிலீஷ், புரோகிராம் என்று பரீட்சை. அதிலும் தேறினால் டெக்னிகல் பேட்டி, பிறகு ஹெச்.ஆர். பேட்டி. எந்த ஊருக்கு அனுப்பினாலும் போவாயா? இரவு ஷிப்ட் பார்ப்பாயா? எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்கிறான் பையன். வேறென்ன சொல்வான்?

ஆள் எடுப்பவர் கேள்வி கேட்பதில் குற்றமில்லை. ஆனால் இத்தனைக்கும் பதில் சொல்லித் தேறியவனுக்குக் கம்பெனி தரும் உறுதி என்ன?

இன்போசிஸ் கம்பெனியில் நடந்ததைப் பாருங்கள். 2022-ல் வேலைக் கடிதம் பெற்ற பட்டதாரிகளில் சுமார் 2,000 பேர் இரண்டாண்டு காலம் காத்துக் கிடந்தார்கள். 2024 அக்டோபரில் ஒரு பகுதியினரை மைசூருக்கு அழைத்துப் பயிற்சியில் அமர்த்தினார்கள். 2025 பிப்ரவரியில் 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை, உள்பரீட்சையில் மூன்று முறையும் தேறவில்லை என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். இது ஒப்பந்தத்திலேயே உள்ள நிபந்தனை என்றது நிர்வாகம். பயிற்சியில் இருந்தவர்கள்தானே, ஆட்குறைப்புச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று கர்நாடகத் தொழிலாளர் துறை அதிகாரிகள் கூறியதாகச் செய்தி வந்தது.

2023 பிப்ரவரியில் விப்ரோ கம்பெனி, ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் என்று நம்பிக் காத்திருந்தவர்களிடம், 3.5 லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டது. பேட்டியில் பையன் சொன்ன சொல் மாறக் கூடாது. கம்பெனி எழுதிக் கொடுத்த தொகை மட்டும் மாறலாம்! இது என்ன நியாயம்?

பணம் இல்லையா? இன்போசிஸில் புதிதாகச் சேர்பவருக்குச் சாதாரணமாக ஆண்டுக்குச் சுமார் 3.6 லட்சம். 2024-25-ல் அதன் தலைமை நிர்வாகி பெற்றது, பங்குரிமைகள் உட்பட, 80.62 கோடி. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களின் ஓராண்டுச் சம்பளம் ஒருவர் கையில்!

இனி, சட்டத்தைப் பார்ப்போம். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கில்லை என்று 2016-ல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. 1947-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், அப்ரண்டிஸ் உட்படத் தொழிலாளி என்று கூறியது. அது நடப்பில் இருந்தபோதே மைசூரில் அந்தக் கதி. 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தில் வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் வருபவர் நீங்கலாகத் தொழிலாளி என்கிறது. 'உட்பட' என்ற சொல் போய், 'நீங்கலாக' என்ற சொல் வந்துவிட்டது. வேலையில் அமர்த்தப்படும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அன்றே நடப்புக்கு வந்த இன்னொரு தொகுப்பு சொல்வது நல்லதுதான். ஆனால் அமர்த்தப்படாமல் ஈராண்டு காத்திருப்பவன் யாரிடம் முறையிடுவான்?

பஞ்சாலை வாசலில் பதிலித் தொழிலாளிகள் நின்ற காலம் நம்மில் பலருக்குத் தெரியும். உள்ளே ஆள் தேவை என்றால் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் போ என்பார்கள். கழுத்தில் டை கட்டி, கையில் லேப்டாப்போடு இன்று நிற்கிறவன் அந்தப் பதிலியின் பேரன். எத்தனை பேரைக் கூப்பிடுவது என்பது வெளிநாட்டுக் காண்டிராக்டுகளின் கணக்கு. அந்தக் கணக்கு தவறினால் நட்டத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, உனக்குத் திறமை போதாது என்று சொல்லி அனுப்புவது அக்கிரமம்.

ஆகவே நாம் கோர வேண்டியவை மூன்று. வேலைக் கடிதத்தில் சேரும் தேதி இருக்க வேண்டும்; தவறினால் காத்திருக்கும் காலத்துக்குப் படி தர வேண்டும். எழுதிய சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. பயிற்சியில் இருப்பவரும் சட்டப்படி தொழிலாளியே என்று திருத்தம் வர வேண்டும்.

அதுவரை தோழர்களுக்கு உடனடி வேலை ஒன்று உண்டு. உங்கள் தெருவில் பேட்டிக்குப் போகும் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கையெழுத்திடும் தாளில் 'அப்ரண்டிஸ்' என்று இருக்கிறதா, பாண்டு உண்டா, பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு, பயிற்சியில் தவறினால் என்ன என்று நான்கையும் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் தள்ளிவிடுவார்களே என்று அஞ்சுவான். ஒருவன் கேட்டால் தள்ளுவார்கள்தான். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் கேட்டால் யாரைத் தள்ளுவார்கள்? சங்கம் என்றால் அதுதான் என்று அவனுக்குச் சொல்லுங்கள்.