வாலை வெட்டுவதா, வைக்கோல் கொடுப்பதா?

பன்றி என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? அழுக்கு, துர்நாற்றம், அடுத்தவரைத் திட்ட ஒரு சொல்! 'பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும்' என்று பழமொழியே வைத்திருக்கிறோம். ஆகவே, பண்ணைப் பன்றிகளுக்குக் கிளறி விளையாட ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது விடுதி நண்பர்கள் வயிறு குலுங்கச் சிரித்ததில் வியப்பில்லை. "வெட்டப்போகும் பன்றிக்கு விளையாட்டு ஒரு கேடா?" என்று ஒருவர் கேட்டார். அவருக்கான பதிலே இக்கட்டுரை.

முதலில், பன்றி நாம் நினைப்பது போன்ற பிராணி அன்று. வியர்த்து உடலைக் குளிர்விக்க இயலாததால்தான் அது சேற்றில் புரள்கிறது. போதிய இடம் இருந்தால், படுக்கும் இடத்தை விட்டு விலகிச் சென்றே கழிவை வெளியேற்றும். கண்ணாடியில் தெரியும் உணவுத் தட்டைப் பார்த்து, அது உண்மையில் எங்கே இருக்கிறது என்று கண்டறியும் திறன் அதற்கு உண்டு என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினர். ஸ்காட்லாந்தில் பண்ணைப் பன்றிகளைத் திறந்த வெளியில் விட்டு ஆராய்ந்த ஸ்டோல்பா, வுட்-கஷ் ஆகிய இருவரும், அவை பகற்பொழுதில் பாதிக்கும் மேல் இரை தேடுவதிலேயே செலவிட்டதாக 1989-இல் எழுதினர். மூக்கால் மண்ணைக் கிளறுவது பன்றியின் பிறவிக்குணம்.

அப்படிப்பட்ட விலங்கை வெறும் சிமெண்டுத் தரையில் அடைத்து வைத்தால் என்ன ஆகும்? கிளற மண் இல்லை. கடிக்கக் குச்சி இல்லை. பக்கத்தில் நிற்கும் பன்றியின் வால்தான் இருக்கிறது! நெரிசலும் கெட்ட காற்றும் சேர்ந்துகொண்டால் வால் கடிக்கும் பழக்கம் கொட்டகை முழுவதும் பரவுகிறது. இதற்குப் பண்ணைகள் கண்ட தீர்வு, குட்டி பிறந்த சில நாள்களுக்குள், பெரும்பாலும் மயக்க மருந்தின்றி, வாலை வெட்டிவிடுவது. நோய் ஓரிடம், மருந்து வேறிடம்!

ஐரோப்பிய ஒன்றியம் வழக்கமாக வால் வெட்டுவதைத் தடை செய்துள்ளது. வைக்கோல், உலர்புல், மரத்துண்டு போன்ற கிளறும் பொருள்களைத் தர வேண்டும் என்றும் விதித்துள்ளது. ஆயினும் அங்கே பல நாடுகளில் வெட்டுவது தொடர்கிறது. சுவீடனும் பின்லாந்தும் அறவே நிறுத்திவிட்டு, பன்றி வளர்ப்பையும் நடத்தி வருகின்றன. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் நாட்டு நிலை என்ன? 1998-99-இல் நிப்பா நோய் 105 உயிர்களைப் பறித்தது; பத்து இலட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டன. அது முதல் பன்றிப் பண்ணை என்றாலே நோய், நாற்றம், ஆற்றுநீர் மாசு ஆகிய மூன்றை மட்டுமே பேசுகிறோம். நாற்றம் வெளியே வராத மூடிய கொட்டகையை 'நவீனம்' என்கிறோம். உள்ளே இருக்கும் பன்றி நாள் முழுவதும் என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த வகை செய்வது உரிமையாளரின் கடமை என்று நமது 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமே சொல்கிறது. அந்த வரி பூனைக்கும் நாய்க்கும் மட்டும் எழுதப்பட்டதன்று.

பண்ணையாளர்களின் சிரமத்தையும் நான் மறுக்கவில்லை. வைக்கோல் கழிவுக் கால்வாயை அடைக்கும். நம் வெயிலுக்குத் தடித்த வைக்கோல் படுக்கை ஒத்துவராது. 2021-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இங்கும் நுழைந்துவிட்ட நிலையில், வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளும் தூய்மையாக இருக்க வேண்டும். சரி, அப்படியானால் சுத்தம் செய்த தேங்காய் நார்க் கயிற்றையோ ரப்பர் மரக்கட்டையையோ தொங்கவிட்டு முயன்று பார்க்கலாமே! வெறும் இரும்புச் சங்கிலியில் பன்றிக்கு விரைவில் சலிப்புத் தட்டிவிடும். கடித்துச் சிதைக்கக்கூடிய பொருளே அதற்குப் பிடிக்கும். அவ்வப்போது மாற்றிக் கொடுத்தால் இன்னும் நன்று.

இந்த நாட்டில் பன்றிக்காகப் பேச ஆள் கிடைப்பது அரிது. அதை உண்ணாதவர் நமக்கென்ன என்கிறார். உண்பவர் விலையை மட்டும் பார்க்கிறார். வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரைப் போற்றும் நாம், எந்த உயிருக்கு இரங்குவது என்று பட்டியல் போடலாமா?

நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பன்றியை அறுப்பது ஒரு நாள். அதற்கு முன் அது ஏறக்குறைய ஆறு மாதம் வாழ்கிறது. நான் பேசுவது அந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான்.