உழைப்பு எங்களுடையது, கையெழுத்து யாருடையது?

இந்த நாட்டில் ஒரு முதுகலைப் பட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கிறவர் நான்கு வருஷம் பி.எஸ்ஸி. நர்சிங் படித்து, கவுன்சிலில் பதிவு செய்து, குறைந்தது ஒரு வருஷம் நோயாளிகளுக்கு நடுவில் வேலை பார்த்திருக்க வேண்டும். சேர்ந்த பிறகு இரண்டு வருஷம் இரவு பகல் பாராமல் ஐ.சி.யு.வில் நிற்க வேண்டும். முடித்து வெளியே வந்தால் ஒரு ஆன்டிபயாட்டிக்கைக்கூடத் தன் பெயரில் எழுதிக் கொடுக்க முடியாது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி சீட்டு எழுதும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்குத்தான். நர்ஸ் பிராக்டிஷனர் என்று இந்தப் பட்டத்துக்குப் பெயர். பெயரில் 'பிராக்டிஸ்' இருக்கிறது, சட்டத்தில் இல்லை.

நான் இந்தப் பட்டத்தை வாங்கியவள். சேரிப் பெண். வாங்கியதைப் பற்றி வெட்கமும் இல்லை, பெருமையடித்துக்கொள்ளவும் வரவில்லை. இந்தப் பட்டத்துக்குள் சாதியும் அதிகாரமும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பேச வேண்டியிருக்கிறது. 'சேவை', 'தியாகம்', 'வெள்ளுடை தேவதை' என்று மே 12ஆம் தேதி தோறும் மெழுகுவர்த்தி ஏற்றி எங்கள் வாயை அடைக்கிறவர்கள் இதைப் பேச மாட்டார்கள்.

முதலில் வரலாறு. 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் எட்டிப் பார்க்காத ஏழைகளின் ஊர்களுக்கு மருத்துவம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்றைக்கு அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே நோயைக் கண்டறிந்து மருந்து எழுதலாம். அறுபது வருஷச் சண்டையில் கிடைத்த உரிமை அது.

இங்கே 2016-17 வாக்கில் இந்திய நர்சிங் கவுன்சில் 'தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர்' என்று இரண்டு வருஷ முதுகலைப் படிப்பைக் கொண்டுவந்தது. ஐந்தில் ஒரு பங்கு பாடம், நாலு பங்கு நோயாளியின் கட்டிலருகே வேலை. உயர்நிலை நோய்க்கூறியல், மருந்தியல், உடல் பரிசோதனை என்று பாடத்திட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் மலைப்பு வரும். ஆனால் கொலராடோவில் ஏழையின் ஊரை நோக்கிப் புறப்பட்ட யோசனை, இங்கே வந்து இறங்கியது பெரிய மருத்துவமனையின் ஏ.சி. அறையில். இந்தத் திசைமாற்றம் தற்செயலா? வென்டிலேட்டர் ஓடும் கட்டிலுக்குத்தான் பில் ஏறும் தோழர்களே, துணை சுகாதார நிலையத்தின் பெஞ்சுக்கு ஏறாது.

இனி, விண்ணப்பிப்பது யாரால் முடியும்?

பி.எஸ்ஸி.யில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும் என்கிறது கவுன்சில். 'தகுதி' என்று இதற்குப் பெயர். அந்த நாலு வருஷத்தில் இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தவளும், கான்வென்ட் படிப்போடு வந்தவளும் ஒரே கோட்டிலிருந்தா ஓடினார்கள்? அதைத் தாண்டினால் அனுபவச் சான்றிதழ். வேலைக்குச் சேரும்போதே தனியார் மருத்துவமனைகள் பல ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பூட்டிவைக்கும். 'பாண்டு' முடியாமல் வெளியே போனால் பணம் கட்டு என்பார்கள். இந்தக் கொத்தடிமைத்தனத்தை எதிர்த்துத்தான் 2012இல் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளின் நர்சுகள் தெருவுக்கு வந்தார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் அதே பூட்டுதான். மேல்படிப்புக்கு என்று கேட்டபோது, "உனக்கெல்லாம் எதுக்கும்மா எம்.எஸ்ஸி.? கல்யாணம் பண்ணிக்கிட்டு இரு" என்றார் மேலாளர். அந்த 'உனக்கெல்லாம்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவளா நான்?

அடுத்தது பணம். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் பட்டியல் சாதியினருக்கு 18, அந்தப் பதினெட்டுக்குள் அருந்ததியருக்கு 3. அரசு ஒதுக்கீட்டு இடத்தில் இது வேலை செய்யும். மேனேஜ்மெண்ட் கோட்டா என்ற கதவு வழியாகப் போகிற இடத்துக்கு மத்திய அரசின் மேல்நிலைக் கல்வி உதவித்தொகையும் கிடையாது. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினாலும் கிடையாது. கொத்தனார் வேலை செய்யும் அப்பனும் நர்ஸ் சம்பளம் வாங்கும் மகளும் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். தாண்டினால் நாம் 'வசதியானவர்கள்' ஆகிவிடுகிறோமாம்! அம்மாவின் கம்மலும் தங்கச்சியின் கல்யாணச் சீட்டும்தான் என் கல்விக் கட்டணம்.

இதில் ஒரு மோசடியைச் சொல்லியாக வேண்டும். இது சாதாரணப் படிப்பு அல்ல, வேலையோடு சேர்ந்த 'ரெசிடென்சி'. வேலையிலிருந்து வருகிறவருக்கு வழக்கமான சம்பளமும், மற்றவர்களுக்கு அந்த மருத்துவமனையின் சம்பள விகிதப்படி சம்பளமும் தர வேண்டும் என்று கவுன்சிலின் வழிகாட்டுதலே சொல்கிறது. என் கல்லூரியில் என்ன நடந்தது? கட்டணம் வாங்கினார்கள். சம்பளத்தைக் கேட்டபோது, "படிக்க வந்தியா, சம்பாதிக்க வந்தியா?" என்றார்கள். எட்டு மணிநேர டியூட்டி, அதற்குமேல் ஆன்-கால். ஒரு ஸ்டாஃப் நர்சின் வேலையைச் செய்து, அந்த வேலைக்கு நானே காசும் கட்டினேன். நிலத்தில் உழைத்துவிட்டு ஆண்டையிடமே கடன்பட்ட நம் பாட்டன் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே களத்துமேடு, இங்கே ஐ.சி.யு.

உள்ளே என்ன நடக்கிறது? ராத்திரி இரண்டு மணி. நோயாளியின் ஏ.பி.ஜி. ரிப்போர்ட் வருகிறது. கார்பன்-டை-ஆக்சைடு ஏறியிருக்கிறது. வென்டிலேட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன், நூறு தடவை பார்த்திருக்கிறேன். பி.ஜி. டாக்டருக்குப் போன் போடுகிறேன். தூக்கக் கலக்கத்தில் அவர் கேட்கிறார்: "நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர்?" சொல்கிறேன். "சரி, அதையே பண்ணுங்க." காலையில் கேஸ் ஷீட்டில் அவர் கையெழுத்து. நோயாளி பிழைத்தால் டாக்டரின் கைராசி. ஏதாவது ஆனால்? "டியூட்டி சிஸ்டர் யாரு?" பொறுப்பு மட்டும் எங்களுக்கு, அதிகாரம் அவர்களுக்கு. மனு இதைத்தானே காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்!

ஆய்வேடு எழுதினேன், லாக் புக் நிரப்பினேன், பரீட்சையில் தேறினேன். பிறகு விண்ணப்பித்த இடத்திலெல்லாம் எனக்குக் காட்டிய நாற்காலி பழைய ஸ்டாஃப் நர்ஸ் நாற்காலிதான். "கூடுதல் தகுதிதானே, நல்லதுதானே" என்றார்கள். நல்லதுதான், அவர்களுக்கு. இருபதாயிரத்துக்கு நர்ஸ் பிராக்டிஷனரின் மூளை கிடைக்கிறதே! 2016இல் உச்சநீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து அமைத்த நிபுணர் குழு, ஐம்பது கட்டிலுக்குக் குறைவான சின்ன ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது, இருநூறு கட்டிலுக்கு மேலிருந்தால் அரசுச் சம்பளத்துக்குச் சமமாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் கிடக்கிறது.

அரசு மட்டும் யோக்கியமா? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் வழியாக எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தது தமிழக அரசு. அவர்கள் 2017 நவம்பரில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்த பிறகுதான் நாட்டுக்கே அந்த எண் தெரிந்தது. கொரோனா காலத்தில் கைதட்டி வரவேற்ற ஒப்பந்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். தட்டிய கையே கழுத்தைப் பிடித்துத் தள்ளியது.

இப்போது டாக்டர்கள் சங்கத்தின் வாதத்துக்கு வருகிறேன். "நர்சுக்கு மருந்தெழுத உரிமை கொடுத்தால் அரைவைத்தியர்கள் பெருகுவார்கள், நோயாளியின் உயிருக்கு ஆபத்து." 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, டாக்டரல்லாத சமுதாய சுகாதாரப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்றபோது நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பிரிவில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. யாருக்கு, எந்தப் பயிற்சிக்குப் பிறகு என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை. பயிற்சி இல்லாதவர் மருந்தெழுதக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆறு வருஷம் படித்து, ஐ.சி.யு.வில் வெந்து வந்தவளைப் பார்த்தும் அதே வாதத்தைச் சொன்னால், அது நோயாளியின் உயிரைப் பற்றிய கவலையா, நாற்காலியைப் பற்றிய கவலையா?

இன்னொரு பக்கம் பாருங்கள். 2018 முதல் துணை சுகாதார நிலையங்களில் நர்சிங் படித்தவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்து, ஒப்பந்தத்தில் உட்கார வைத்து, பட்டியலிட்ட மருந்துகளைக் கொடுக்கச் சொல்கிறது இதே அரசு. அதாவது, காலனிக்காரனுக்கும் மலைவாசிக்கும் வைத்தியம் பார்க்க ஆறு மாதப் பயிற்சி போதும். பணக்காரன் படுத்திருக்கும் கட்டிலில் இரண்டு வருஷ முதுகலை படித்தாலும் போதாது! இதை எந்த மருத்துவ அறிவியல் சொல்லிற்று? நாங்கள் ஏழைக்கு மருந்து கொடுப்பதைத் தப்பென்று சொல்லவில்லை. ஏழைக்குத் திறமையான செவிலி வேண்டும், அவளுக்கு நிரந்தர வேலையும் உரிமையும் வேண்டும் என்கிறோம்.

இதன் வேர் எங்கே இருக்கிறது? ரத்தம், மலம், சீழ், பிரசவத் தீட்டு, இவற்றைத் தொடுகிற கை தாழ்ந்தது என்று விதித்த சமூகம் இது. தமிழ்நாட்டில் நாவிதர் சமூகத்து மருத்துவச்சியும், வடக்கே தலித் தாயியும் தொப்புள்கொடி அறுத்தார்கள். ஊரே அவர்கள் கையில் பிறந்தது, ஊர் அவர்களைத் திண்ணைக்குக்கூட அழைக்கவில்லை. அந்த வேலைக்கு மரியாதையும் காசும் வந்தபோது அது டாக்டரின் வேலையாகிவிட்டது. தீட்டை நாங்கள் தொட வேண்டும், தீர்மானத்தை அவர்கள் எடுக்க வேண்டும். 1946இல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது நாற்பத்து மூவாயிரம் பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருந்தார். அந்தப் பஞ்சத்துக்குப் போர் மட்டுமா காரணம்? 'நல்ல குடும்பத்துப் பெண்' தொடக்கூடாத வேலை என்று ஒதுக்கிய சாதி மனமும் காரணம்.

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. "இதெல்லாம் படித்தவர்களின் பதவி உயர்வுப் பிரச்சினை, விடுதலைக்கும் இதற்கும் என்ன?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நர்சுகளான நாங்கள் டாக்டரிடம் வாங்கும் அதட்டலை ஆயாம்மாவிடமும் துப்புரவுத் தொழிலாளியிடமும் இறக்கி வைக்கிறோம். "ஏய், இங்க வா" என்று அம்மா வயதுக்காரியைக் கூப்பிடும் சிஸ்டர்களை நான் தினமும் பார்க்கிறேன். படிக்குமேல் படியாக அடுக்கிய ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னதை ஒரு வார்டில் நின்றால் கண்ணால் பார்க்கலாம். நர்ஸ் பிராக்டிஷனர் என்பது அந்த அடுக்கில் இன்னொரு படியாக மட்டும் ஆகுமானால், அது நமக்குத் தேவையில்லை. கீழே இருப்பவளின் கையையும் பிடித்து ஏற்றாத பட்டம் யாருக்கு வேண்டும்?

ஆனால் அதற்காகப் படிக்காமல் இருந்துவிட முடியுமா? 1879இல் மேரி மகோனி என்ற கறுப்பினப் பெண் அமெரிக்காவில் பயிற்சி முடித்த முதல் கறுப்பின நர்ஸ் ஆனார். அவரோடு சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களில் முடித்தவர்கள் நான்கே பேர். முடித்ததோடு அவர் நிற்கவில்லை. வெள்ளையர் சங்கங்கள் கதவை அடைத்தபோது 1908இல் கறுப்பின நர்சுகள் தங்கள் சங்கத்தைக் கட்டினார்கள், அவரும் அதில் நின்றார். பொதுச் சங்கத்தின் கதவு திறக்கும்வரை, 1951வரை, அதை அவர்கள் கலைக்கவில்லை. பட்டம் தனியாளுக்குக் கிடைக்கும். உரிமை சங்கத்துக்குத்தான் கிடைக்கும்.

ஆகவே நம்ம பொண்ணுங்களுக்கும் பையன்களுக்கும் சொல்கிறேன்: விண்ணப்பியுங்கள். அதற்குமுன் கேளுங்கள். இந்தப் படிப்பை நடத்தக் கவுன்சிலின் அனுமதியும் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா? ரெசிடென்சி சம்பளம் எவ்வளவு, எழுத்தில் தருவார்களா? சேர்வது அரசு ஒதுக்கீடா, மேனேஜ்மெண்டா? ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்துவைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். செய்த வேலையை லாக் புக்கில் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். நாளைக்கு நம் உழைப்புக்கு அதுதான் சாட்சி.

1947ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய செவிலியர், பேறுகாலப் பராமரிப்பாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. புதுச் சட்டம், புது ஆணையம், புதுப் பலகை எல்லாம் சரி. எங்களுக்கு வேண்டியது நாலு விஷயம்: நர்ஸ் பிராக்டிஷனருக்கென்று அரசுப் பணியிடம், அதில் இடஒதுக்கீடு, பயிற்சிக்கேற்ற வரம்போடு மருந்தெழுதும் உரிமை, ரெசிடென்சிக்கு முழுச் சம்பளம். இதைக் கொடுக்க மனமில்லை என்றால் பட்டத்தின் பெயரை மாற்றிவிடுங்கள். 'கையெழுத்துப் போடாத டாக்டர்' என்று வையுங்கள். குறைந்தபட்சம் அதில் பொய் இருக்காது.